எட்டாம் கதவும் பதினேழு வருஷக் குக்கரும்

வாழ்க! வாழ்க! கூலன்ட் எண்ணெய் மணக்கும் காக்கிச்சட்டை மார்பினான், சிப்காட் சங்கு ஊதும் முன்னமே பஸ் படியில தொங்கும் பாய்ச்சலான், கோளாறு பண்ற சிஎன்சி மெஷினை முறைச்சே வேலை செய்ய வெக்கும் விழியினான், அருப்புக்கோட்டை ஈன்ற ஆண்சிங்கம், ஓசூர் வெயிலும் குளிரும் ஒருசேர வாட்டியும் வாடாத வீரன், வெங்கடம்மாள் காம்பவுண்டு மூணாம் நம்பர் போர்ஷனின் தனிப்பெருந்தலைவன், நாப்பத்தஞ்சு வயசு வெள்ளைச்சாமி வாழ்க!

காவியம்னா காப்பு சொல்லாம ஆரம்பிக்கக் கூடாது. அதனால, மாடியில அலமாரி உச்சியில துணி போர்த்திக்கிட்டு வீற்றிருப்பதும், கோடையில கொதிப்பதும், மழைன்னா 'சிக்னல் இல்லை'னு மௌனவிரதம் இருப்பதும், மூணு பாஷை சேனலையும் ஒரே வயித்துல சுமப்பதுமான செட்டாப் பெட்டியே, உன் நெத்தியில மினுக்கற சின்னச் சிவப்பு வெளக்கு சாட்சியா இந்தக் கதை தடையில்லாம ஓடணும், காப்பு, காப்பு!

அந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு மரியாதைன்னா, அந்தக் காம்பவுண்டுக்கே அது ஒண்ணுதான். வாடகையோட கேபிளும் சேத்தின்னு சொல்லித்தான் வெங்கடம்மாள் ஆள் குடி வெப்பாங்க. பெட்டி மாடியில, அவங்க ஹால்ல. அதுல இருந்து கருப்பு ஒயர் ஒண்ணு ஜன்னல் வழியா எறங்கி, துணி காயப்போடற கம்பியோட கொஞ்ச தூரம் கைகோத்து நடந்து, கீழ இருக்கற மூணு போர்ஷனுக்கும் பிரிஞ்சு போகும். ஆக, மாடியில என்ன சேனலோ கீழயும் அதே சேனல். கீழ இருக்கறவன் கையில இருக்கற ரிமோட்டுக்குச் சத்தத்தக் கூட்டிக் கொறைக்கற அதிகாரம் மட்டும்தான் உண்டு. அந்த அம்மா வீட்ல தெலுங்கு பேசுவாங்க, ஆனா பாக்கறது பூரா கன்னட சீரியலு. பதினேழு வருஷமா வேற வழியில்லாம அதையே பாத்துப் பாத்து, வெள்ளைச்சாமியோட பொண்டாட்டி ஜோதிமணி, சிங்காரப்பேட்டை தாண்டாம வளந்த பொண்ணு, இப்ப கன்னடத்துலயே சாபம் விடும்.

ஆனா எந்தப் பேரரசுக்கும் ஒரு தூக்க நேரம் உண்டில்லயா? மதியம் மூணுலேந்து அஞ்சு வரைக்கும் வெங்கடம்மாள் தூங்குவாங்க. அப்ப ரிமோட்டு அவங்க வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் கைக்கு வரும். வாயே தொறக்காத மனுஷன். அந்த ரெண்டு மணி நேரம் அவர் ஆட்சி. அந்தப் பொற்காலத்துலதான், போன நாலு மாசமா, தெனம் நாலரை மணிக்கு பழைய 'எட்டாம் கதவு' மறுஒளிபரப்பு ஓடுச்சு.

'எட்டாம் கதவு' ஞாபகம் இருக்கா? மினுமினு கோட்டு போட்ட தொகுப்பாளரு, கேள்விக்கு பதில் சொன்னா எட்டுக் கதவுல ஒண்ணத் தொறக்கலாம், ஒண்ணுல கிரைண்டரு, ஒண்ணுல சூட்டு பீஸு, ஒண்ணுல பூசணிக்காய், எட்டாவதுல பைக்கு! பத்தொம்பது வருஷம் ஆச்சு. அதுல பரிசு குடுத்த கடையில பாதி இப்ப செல்போன் கடையாயிருச்சு, கை தட்டுன பொடுசுங்க எல்லாம் கல்யாணம் பண்ணி இஎம்ஐ கட்டுது. ஆனாலும் நாலரை ஆனா காம்பவுண்டே உயிர் பெத்து எழும். "அஞ்ச தொறக்காதடா, அஞ்ச தொறக்காதடா!"ன்னு பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடியே அஞ்சத் தொறந்து பூசணிக்காயோட ஊருக்குப் போய்ச் சேந்தவனப் பாத்து இப்ப கத்துவாங்க. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிச்சு வந்த வெள்ளைச்சாமி தட்டுல சோறு காய்ஞ்சு போற அளவுக்கு வாயப் பொளந்து பாப்பாரு.

ஏன்னா அவரும் அதுல வந்திருக்காரு.

நூத்திப்பன்னெண்டாவது எபிசோடு. அதுல ஒரு குக்கரும் ஜெயிச்சிருக்காரு. இப்ப வீட்ல பருப்பு வேகற மூணு லிட்டர் குக்கரு அதான்னு அவர் கட்சி. "பொய்யி. அது எங்கண்ணன் சீர் வெச்ச குக்கரு"ங்கறது ஜோதிமணி கட்சி. பதினேழு வருஷப் போர்! குக்கர் அடியில ஜிலேபி சுத்துன மாதிரி தேஞ்சுபோன கோடு நாலஞ்சு இருக்கும். அது டிவி கம்பெனி முத்திரைன்னு இவரு, அது சிங்காரப்பேட்டை பாத்திரக்கடைக்காரன் போட்ட பூ டிசைன்னு அவங்க. தீபாவளிக்கு அண்ணன் மாதவன் வந்து சாப்பிட உக்காந்தா, "எங்கண்ணன் குக்கர்ல வெச்ச பருப்புன்னா ருசியே தனி"ன்னு ஜோதிமணி சொல்லும். அண்ணன் அடக்கமா சிரிச்சுக்கிட்டு எலையப் பாப்பாரு. அந்த ஒவ்வொரு சிரிப்பும் நம்ம வீரரோட நெஞ்சுல ஆறு எம்எம் டிரில் பிட்டு மாதிரி எறங்கும்.

யூடியூப்ல தேடியாச்சு, இல்ல. இருக்கறது ஒரே வழி, மறுஒளிபரப்பு. அன்னிக்கு நூத்திப்பதினொண்ணு முடிஞ்சுது. மறுநாள் நூத்திப்பன்னெண்டு. வெள்ளைச்சாமி வாசல்ல நின்னு, லுங்கிய மடிச்சுக் கட்டி, காம்பவுண்டே கேக்கற மாதிரி சபதம் பண்ணாரு.

"நாளைக்கு நாலரைக்கு உலகம் பாக்கும்! குக்கரோட நான் நிக்கறது தெரிஞ்சா, இவ அவங்கண்ணனுக்கு போன் போட்டு, குக்கர் உன்னுது இல்லன்னு சொல்லணும்!"

"குக்கர் எங்கண்ணனுதுன்னு தெரிஞ்சா நீங்க போன் போடணும்"னு உள்ளேந்து ஜோதிமணி குரல். "மச்சான், இத்தன வருஷம் உங்க குக்கர்லதான் தின்னேன்னு சொல்லணும். ஸ்பீக்கர்ல போட்டு."

"போடறேன்!"

அய்யோ, விதியே! அன்னிக்கு சாயங்காலமே விதி மின்வாரிய ரூபத்துல வந்துச்சு. வெங்கடம்மாளோட சீரியல்ல, கல்யாண மண்டபத்து வாசக் கதவு மெல்லத் தொறந்து, யாரோ ஒரு கால் மட்டும் உள்ள எடுத்து வெச்ச அந்தக் கணத்துல, கரண்டு போச்சு. வந்தப்ப விளம்பரம் ஓடுச்சு. மாடி கைப்பிடிச் செவத்துல வெங்கடம்மாள் தோன்றினாங்க. பதினாலு படி உசரத்து அரியணையில அமர்ந்தவங்க, ஓசூர் ரோஜாத் தோட்டத்து முள்ளெல்லாம் ஒண்ணு சேந்தாப்ல பார்வை பாக்கறவங்க, ஏதோ பாத்திரத் தகராறுல பாகலூர்ல இருக்கற ஓரகத்தியோட பதினேழு வருஷமா பேச்சு வெச்சுக்காத வைராக்கியக்காரங்க. அவங்க வாயிலேந்து கட்டளை பொறந்துச்சு:

"நாளைக்கி நாலரைக்கி ரிப்பீட்டு போடறான். நா தூங்க மாட்டேன். எவனும் சேனல் மாத்து, கீத்துன்னு மேல வரக்கூடாது!"

இடியோசை கேட்ட நாகம் போலச் சுருண்டாரு வெள்ளைச்சாமி. ஆனா சுருண்ட எடத்துலயே யோசிச்சாரு. மொதல்ல தூது. அதானே போர் மொற?

தூதுக்கு ரெண்டாம் நம்பர் போர்ஷன் குலாம் முகம்மதுவ விட்டா ஆள் கெடையாது. மெத்தை தலையணை வியாபாரம், நாலு பாஷை தண்ணி மாதிரி. தமிழ்ல கெஞ்சி, தெலுங்குல கொஞ்சி, கன்னடத்துல நியாயம் பேசி, கடைசியா உருதுல துவா செஞ்சுட்டு, மறுநாள் மூணரை மணிக்கு எறங்கி வந்தாரு. மொகத்துல போர்க்களத்துத் தூசி.

"என்ன பாய் ஆச்சு?"

"நாலு பாஷையில கேட்டேன் சாமிண்ணே. முடியாதுங்கறதுக்கு நாலு பாஷையிலயும் ஒரே மூஞ்சிதான்."

"கிருஷ்ணப்பன் அண்ணன் இருந்தாரா?"

"இருந்தாரு. ரிமோட்ட அந்தம்மா இடுப்புல சொருகிட்டாங்க. அவரு அதையே பாத்துட்டு இருந்தாரு, பசுமாட்டப் பாக்கற கன்னுக்குட்டி மாதிரி."

மணி நாலு. பத்து நிமிஷம் ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. பதினேழு வருஷ மானம் பதினெட்டு நிமிஷ தூரத்துல தொங்குது. அப்பதான் வெள்ளைச்சாமி எழுந்தாரு பாருங்க, புயலுக்கு முன்னாடி எழற தென்னமரம் மாதிரி! அவர்கிட்ட ஒரு அஸ்திரம் இருந்துச்சு. யாருக்கும் சொல்லல. காலையில டீ பிரேக்ல, அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்துலேந்து வேலைக்கு வர்ற மஞ்சுநாத் கிட்ட ரெண்டு வடை வாங்கிக் குடுத்து, அந்தச் சீரியலோட நேத்து எபிசோடை, வசனம் வசனமா, அழுகை அழுகையா, கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டு பின்பக்கத்துல தமிழெழுத்துல எழுதிட்டு வந்திருந்தாரு. அவங்களுக்குக் கதைதானே வேணும்? கதையக் குடுத்துட்டா ரிப்பீட்டு எதுக்கு?

பதினாலு படியும் பதினாலு உலகம் மாதிரி ஏறினாரு. ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவ வேட்டிய இறுக்கினாரு. அட, வேட்டி இல்ல, லுங்கி. வாசல்ல நின்னாரு. வெங்கடம்மாள் திரும்பாமலே, "ஏம்ப்பா வெள்ளசாமி, நேத்து சொன்னது காதுல விழலியா?"ன்னாங்க.

வீரர் பேப்பரப் பிரிச்சாரு. தொண்டையச் செருமினாரு. கதவு நெலையில தலைக்கு மேல கை வெச்சு, ஒரு கால மட்டும் உள்ள எடுத்து வெச்சாரு.

அதே கால்! நேத்து கரண்டு போனப்ப நின்னு போன அதே கால்!

வெங்கடம்மாள் திரும்பிட்டாங்க. "யாரு? யாரு பந்த்ரு?" வந்தது யாருன்னு கன்னடத்துலயே கேட்டாங்க.

"அத்தெ!"ன்னாரு வெள்ளைச்சாமி. "அத்தெ சத்தில்லா!"

மாமியாக்காரி சாகல! எஸ்டேட்டு தீ விபத்துல செத்துட்டான்னு மாலை போட்டு, ஃபோட்டோ மாட்டி, முந்நூறு எபிசோடு அழுத அந்த மாமியாக்காரி சாகல! ஹால்ல பூகம்பம். வெங்கடம்மாள் நெஞ்சுல கை வெச்சு, "தேவுடா!"ன்னு சோபாவுல சாஞ்சாங்க. நம்ம வீரரு விடல. மருமகளா மாறி ஓடினாரு, வில்லியா மாறிப் பல்லக் கடிச்சாரு, புரோகிதரா மாறித் தாலியக் கீழ போட்டாரு. அருப்புக்கோட்டைக் கன்னடம், ஆறுல ஒரு வார்த்தை தப்பு, ஆனா அழுகையில எலக்கணம் பாப்பாங்களா? மாமியாக்காரி மகனப் பாத்து, "மகனே, நான் உன்ன ஒரு நாளும் மறக்கல"ன்னு சொல்ற எடத்துல வெங்கடம்மாள் முந்தானையில மூக்கத் தொடச்சாங்க. கிருஷ்ணப்பன் கூட ஒரு தடவ இருமினாரு. அவர் வாழ்க்கையில அது பெரிய வசனம்.

"அப்பறம்?"னு கேட்டாங்க வெங்கடம்மாள், ஈரக்குரல்ல.

"அப்பறம் தொடரும்னு போட்டுட்டாங்கம்மா."

மணி நாலு இருபத்தொம்பது. இடுப்புலேந்து, ஒறையிலேந்து வாள் வர்ற மாதிரி, ரப்பர் பேண்டு சுத்துன ரிமோட்டு வெளிய வந்துச்சு. முரசு முழங்கல, சங்கு ஊதல, குக்கர் கூட விசிலடிக்கல. ஆனா காவியத்துல இதுக்குப் பேரு வெற்றி!

"ஜோதி! குக்கர எடுத்துட்டு மேல வா!"

சாட்சிப் பொருள் வேணுமில்ல? திரையில வர்ற குக்கரையும் கையில இருக்கற குக்கரையும் ஒத்துப் பாக்கணும். ஜோதிமணி கழுவித் தொடச்சு, துண்டுல பொதிஞ்சு, பட்டத்து மணிமுடியக் கொண்டு வர்ற மாதிரி படியேறி வந்து மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துச்சு. பின்னாடி குலாம் முகம்மது. ஹாலே நெறஞ்சுபோச்சு.

வந்துச்சு நூத்திப்பன்னெண்டு! மினுமினு கோட்டு! எட்டுக் கதவு! அப்புறம், இரவல் சட்டையில ஒரு ஒல்லிப் பையன்.

"யாருங்க இது, தீக்குச்சிக்குச் சட்ட மாட்டுன மாதிரி?"

"நான்தான்டி!"

ஹாலு அதிர்ந்துச்சு. ஒரு வருஷத்துல எத்தன மாசத்துக்கு முப்பத்தொரு நாளுன்னு தொகுப்பாளரு கேட்டாரு. திரையில அந்தப் பையன் கைமுட்டிய மடக்கி எண்ணினான். ஹால்ல அஞ்சு பேரும் கைமுட்டிய மடக்கி எண்ணினாங்க. "ஏழு!"ன்னு அவனும், ஹாலும், பத்தொம்பது வருஷ இடைவெளியத் தாண்டி ஒரே குரல்ல கத்துனாங்க. அஞ்சாம் கதவு தொறந்துச்சு. பூசணிக்காய் இல்ல. குக்கரு!

"பாத்தியா! பாத்தியா! போட்றீ உங்கண்ணனுக்கு!" வெள்ளைச்சாமி எம்பிக் குதிச்சதுல மேல ஓடுன ஃபேன் ரெக்கைக்கும் அவர் தலைக்கும் நடுவுல நாலே விரக்கட எடம்.

அப்ப தொகுப்பாளரு மைக்க நீட்டினாரு. "தம்பி, இந்தக் குக்கர என்ன பண்ணப் போறீங்க?"

"எங்க அக்கா இருளாயிக்குக் குடுக்கப் போறேன் சார். அக்காதான் சார் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போயி என்ன ஐடிஐ படிக்க வெச்சுது. இன்னமும் பானையிலதான் சார் பொங்குது." சொல்லும்போதே அந்த ஒல்லிப் பையன் அழுதுட்டான்.

குதிச்ச வீரரு குதிச்ச எடத்துலயே நின்னுட்டாரு. ஆமால்ல. அக்கா வாசல்ல வெச்சு, மொத விசில் வந்தப்ப ரெண்டு பேரும் பயந்து ஓடுனது, இப்பதான் திரும்பி வந்துச்சு. அந்தக் குக்கர் அருப்புக்கோட்டையில இருக்கு. இங்க வரவே இல்ல.

ஜோதிமணி அவரையும் திரையையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. கண்ணத் தொடச்சுக்கிச்சு.

"அக்காவுக்குக் குடுத்தத மறந்தே போயிட்டீங்க பாருங்க, அந்த நல்ல மனசு யாருக்குங்க வரும்? சரி, எங்கண்ணனுக்கு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

தோத்த வீரன் வாள ஒப்படைக்கற மாதிரி போன எடுத்தாரு. ரிங்கு போச்சு.

"சொல்லு மாப்ள."

"மச்சான்..." ஜோதிமணிய ஒரு தடவ பாத்தாரு. "பதினேழு வருஷமா எங்க வீட்ல பருப்பு வெக்கறது நீங்க சீர் வெச்ச குக்கர்லதான் மச்சான். நான் ஒத்துக்கறேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கொறைஞ்சுது.

"எந்தக் குக்கர் மாப்ள? நான் கிரைண்டர் இல்ல வெச்சேன்?"

"அண்ணா!"ன்னு ஜோதிமணி. "தீபாவளிக்கு தீபாவளி உன் குக்கர்னு சொல்றப்ப சிரிச்சியே!"

"சாப்பிடறப்ப தங்கச்சி ஏதோ ஆசையா சொல்லுது, இல்லன்னு சொல்ல முடியுமாம்மா?"

குலாம் முகம்மது சிரிப்ப அடக்கச் செவுத்துப் பக்கம் திரும்பிட்டாரு. அப்ப இது யார் குக்கரு? அந்த மாபெரும் கேள்வி, ஆகாசத்துக்கும் ஹாலுக்கும் நடுவுல கழுகு மாதிரி வட்டம் போட்டப்பதான், வெங்கடம்மாள் மொத தடவையா ஜோதிமணி மடியப் பாத்தாங்க.

"அத இப்படிக் குடு."

வாங்கினாங்க. கவுத்தாங்க. தேஞ்சுபோன ஜிலேபிக் கோட்டு மேல வெரல வெச்சு ஒண்ணொண்ணா தடவினாங்க. டிவி முத்திரை இல்ல, பூ டிசைன் இல்ல. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல, லாரி பின்னாடி, எதிர்க்கடை போர்டுலன்னு வெள்ளைச்சாமியும் ஜோதிமணியும் பதினேழு வருஷமா தெனமும் படிக்கத் தெரியாம பாத்துட்டுப் போற அதே தெலுங்கு எழுத்து.

"வெங்கடம்மா"ன்னு படிச்சாங்க. "எங்கம்மா என் கண்ணாலத்துக்குப் பேரு வெட்டிக் குடுத்த குக்கரு! பதினேழு வருஷமா அந்தப் பாகலூர்க்காரி தூக்கிட்டுப் போயிட்டான்னு அவ மூஞ்சியில முழிக்காம இருக்கேன்! இது எப்படிடா கீழ போச்சு?"

எல்லா தலையும் ஒரே நேரத்துல ஒரு மூலைக்குத் திரும்புச்சு. அங்க கிருஷ்ணப்பன் சத்தமில்லாம செருப்புல ஒரு கால நொழச்சிருந்தாரு.

"அது..."ன்னாரு. "இவங்க குடி வந்த அன்னிக்கி சாமான் லாரி குருபரப்பள்ளியில நின்னுபோச்சு. புதுசா கண்ணாலம் ஆன புள்ளைங்க, பசியோட நின்னுச்சுங்க. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அப்பறம் வந்த சாமானோட அதுவும் கலந்துபோச்சு. நீ தூங்கிட்டு இருந்த."

"எழுந்தப்பறம் சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க பேச விட்ட?"

கேளுங்க மக்களே, மூணு பரம்பரைகளின் மானத்தைத் தன் மூணு லிட்டர் வயித்துல சுமந்ததும், அருப்புக்கோட்டையையும் சிங்காரப்பேட்டையையும் பகைக்க வெச்சதும், பாகலூர் பாதையையே பதினேழு வருஷம் அடைச்சு வெச்சதுமான அந்த மாபெரும் குக்கர், வெங்கடம்மாள் இடுப்புல ரிமோட்டு இருந்த அதே எடத்துல ஏறி அமர, அவங்க மறுகையில ஓரகத்தி நம்பரத் தேடிக்கிட்டே சமையல்கட்டுக்குள்ள மறைய, ஆட்சி இழந்தும் ரிமோட்டு பெத்த கிருஷ்ணப்பன் செருப்பக் கழட்டிட்டு சோபாவுல சாய, நூத்திப்பன்னெண்டாம் எபிசோடின் கைதட்டல் கருப்பு ஒயர் வழியா கீழ எறங்கி ஆளில்லாத போர்ஷன்ல முழங்க, போர்க்களம் விட்டகன்ற வெற்றித்தோல்வியறியா வீரன் வெறுங்கையோட பதினாலு படியும் எறங்கி, ஒல்லிப் பையன் அழுதத நெனச்சு அக்காவுக்கு ஒரு போன் போட்டு, தன் கோட்டைக்குள் புகுந்தான்.

அன்னிக்கு அவங்க வீட்ல உப்புமா.